பிரளயத்தில் பகவான் எங்கே இருந்தார்?

(நம் சங்கத்தின் பெங்களூர் கிளை அங்கத்தினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில், மல்லேஸ்வரத்தில் நிகழ்த்திய உரை)



நான் வித்வானோ உபன்யாசகனோ அல்ல. முப்பத்தாறு வருஷம் வங்கியில் பேரேடு புரட்டியவன். ரிடையர் ஆன பிறகு கொஞ்சம் ஸம்ஸ்கிருதமும் கொஞ்சம் புராணமும் படித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். நம் காரியதரிசி போன் செய்து, "தசாவதாரத்துல ஏதாவது ஒண்ணை எடுத்துண்டு பேசுங்கோ" என்றார். மத்ஸ்யாவதாரம் என்றேன். "அது சின்னக் கதையாச்சே, அரை மணி ஓடுமா?" என்று அவருக்குக் கவலை. ராமாயணமோ கிருஷ்ணாவதாரமோ எடுத்திருந்தால் எனக்கும் சௌகரியம்தான். ஆனால் மீன் கதையை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவின் தங்கை, என் சித்தி, சென்னையில் இருந்தாள். அடையாறு ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, தரைத் தளத்தில் வீடு. நான் பி.யு.ஸி. படித்த காலத்தில் ஒரு வருஷம் அவள் வீட்டில்தான் சாப்பாடு. 2015ல் சித்திக்கு எண்பத்தொரு வயது. நுரையீரல் பலவீனம், ராத்திரியில் ஆக்ஸிஜன் மிஷின் இல்லாமல் முடியாது. அந்த வருஷம் டிசம்பர் 1ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. சென்னை மழை உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. ராத்திரி கரண்ட் போயிற்று. நடுராத்திரிக்கு மேல் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. சித்தி பிள்ளையும் மாடி வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் சித்தியை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். கைவசம் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. அது விடியும் முன்னே தீர்ந்துபோயிற்று. சித்தியும் அப்படியே.

இங்கே எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. விமான நிலையம் மூடிக் கிடந்தது, ரயில்கள் ரத்து. நான்காம் நாள் லைன் கிடைத்தது. அவன் நடந்ததையெல்லாம் சொன்னான், நான் கேட்டேன். கேட்டுவிட்டு, நம் வாயில் எது சுலபமாக வருமோ அதைச் சொன்னேன். "எல்லாம் பகவத் சங்கல்பம்டா. நம்ம கையில என்ன இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவன் சொன்னான்: "அப்படின்னா அண்ணா, நாற்காலியைத் தூக்கிண்டு நான் யாருக்கு எதிரா சண்டை போட்டேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு விட்டவன், அவன் சந்தியாவந்தனம் செய்வதில்லை. பூஜை அறைக்குள் போவதில்லை. 2016 பிப்ரவரியில் கும்பகோணத்தில் மகாமகம் வந்தது, கூட வாடா என்று கூப்பிட்டேன். வரவில்லை. ஆனால் கார்த்திகை கிருஷ்ண பக்ஷ ஸப்தமியில் சித்தி ச்ராத்தம் மட்டும் ஒரு வருஷம் தவறியதில்லை. ஏன்டா என்றால், "பேச்சு வார்த்தை இல்லாதது எனக்கும் அவருக்கும்தான். எனக்கும் அம்மாவுக்கும் உண்டு" என்றான்.

அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் நான் பிரளயக் கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். பகவான் வெள்ளத்தை அனுப்புகிறவரா? நம் சாஸ்திரம் உண்மையில் அப்படிச் சொல்கிறதா, அல்லது நாம் வாய்ப் பழக்கத்தில் சொல்கிறோமா? இதுதான் என் கேள்வி.

மத்ஸ்யக் கதையின் மிகப் பழைய வடிவம் புராணத்தில் இல்லை, வேதத்திலேயே இருக்கிறது. சதபத ப்ராம்மணம். சுக்ல யஜுர் வேதத்தைச் சேர்ந்தது. இங்கே இருக்கிறவர்களில் பெரும்பாலோர் கிருஷ்ண யஜுஸ் என்பதால் அது நம் வீட்டுப் பாராயணத்தில் வருவதில்லை. கதை ஒரு பக்கம்கூட இல்லை. காலையில் மனு கை அலம்பத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அலம்பும்போது ஒரு குட்டி மீன் அவர் கையில் வந்துவிடுகிறது. அது பேசுகிறது: என்னை வளர்த்துவிடு, நான் உன்னைக் காப்பாற்றுகிறேன். எதிலிருந்து என்று மனு கேட்கிறார். வெள்ளம் வரப்போகிறது, எல்லா ஜீவராசிகளையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்கிறது மீன். உன்னை எப்படி வளர்ப்பது என்று கேட்டதற்கு, நாங்கள் சின்னதாக இருக்கும்வரைதான் ஆபத்து, மீனை மீன் விழுங்கும், அதனால் முதலில் ஜாடியில் வை, அப்புறம் ஒரு குழி வெட்டி அதில் விடு, பெரிசானதும் சமுத்திரத்தில் கொண்டு விடு என்கிறது. மனு அப்படியே செய்கிறார். சொன்ன வருஷத்தில் வெள்ளம் வருகிறது. மனு கட்டி வைத்திருந்த ஓடத்தில் ஏறுகிறார். மீன் நீந்தி வருகிறது, அதன் கொம்பில் கயிற்றைக் கட்டுகிறார், அது வடக்கு மலைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் வடிய வடிய மனு மெள்ள இறங்கி வருகிறார்.

முதல் தரம் படித்தபோது ஏதோ விட்டுப்போய்விட்டது என்று நினைத்து இரண்டாம் தரம் படித்தேன். வெள்ளம் ஏன் வந்தது என்பது அதில் இல்லவே இல்லை. யார் அனுப்பினார்கள் என்பதும் இல்லை. ஜனங்கள் பாபம் செய்தார்கள், தேவர்களுக்குக் கோபம் வந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. மனு ரொம்ப நல்லவர், அதனால் தேர்ந்தெடுத்தார்கள் என்றுகூட இல்லை. கையில் வந்த குட்டி மீனை அவர் கொட்டிவிடவில்லை. கதையில் அவருடைய யோக்யதை அவ்வளவுதான். அந்த மீன் எந்த தேவதை என்பதையும் சதபதம் சொல்லவில்லை, வெறும் மீன் என்றுதான் சொல்கிறது.

பிற்பாடு மகாபாரதத்தில், வனபர்வத்தில் மார்க்கண்டேயர் தர்மபுத்திரருக்கு இதே கதையைச் சொல்கிறார். அங்கே ஓடத்தில் ஸப்தரிஷிகள் ஏறுகிறார்கள், விதைகளை ஏற்றுகிறார்கள். மீன் தன்னைப் பிரம்மா என்று சொல்லிக்கொள்கிறது. பாகவதம் எட்டாவது ஸ்கந்தத்தில் வரும்போது மீன் மகாவிஷ்ணு ஆகிவிடுகிறார். மனுவின் இடத்தில் ஸத்யவ்ரதன் என்று ஒரு ராஜா. எந்தத் தேசத்து ராஜா தெரியுமோ? திராவிட தேசத்து ராஜா என்கிறது பாகவதம். க்ருதமாலா நதியில் நின்று ஜல தர்ப்பணம் பண்ணிக்கொண்டிருந்தபோது உள்ளங்கைத் தண்ணீரில் மீன் வந்தது. க்ருதமாலா என்பது வைகைதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆக, உலகத்தைக் காப்பாற்றிய மீன் கிடைத்த இடம் நம் மதுரைப் பக்கம்! (சபையில் மதுரைக்காரர்கள் கை தட்டியதால் இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியிருந்தது.)

பாகவதத்தில் வெள்ளத்துக்குக் காரணம் சொல்லியிருக்கிறது. பிரம்மாவுக்கு ராத்திரி வந்துவிட்டது, அவர் தூங்கப் போகிறார். பகலானால் ராத்திரி. அதில் தண்டனை எங்கே இருக்கிறது? விஷ்ணு புராணம் பிரளயத்தை வகைப்படுத்தும்போது நித்ய பிரளயம் என்று ஒன்றையும் சேர்க்கிறது. தினமும் ஜீவன்கள் மடிந்துகொண்டே இருக்கிறதே, அதுவும் ஒரு பிரளயம்தான். எங்கேயோ ஒரு தெருவில், ஒரு மாடிப்படியில், ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் பிரளயம்.

இதை மற்ற தேசத்துக் கதைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1872ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஸ்மித் என்று ஒருவர், இப்போது இராக்கில் இருக்கும் நினிவே நகரத்திலிருந்து தோண்டி எடுத்த களிமண் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் பெரிய படிப்பாளி இல்லை, கரன்ஸி நோட்டுக்கு அச்சு வெட்டும் தொழில் கற்றவர். அதனால் வங்கிக்காரனான எனக்கு அவர்மேல் ஒரு பாசம். ஒரு பலகையில் வெள்ளமும் ஓடமும் பறவையை வெளியே விட்டுப் பார்ப்பதும் இருப்பதைப் படித்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார் என்று சொல்வதுண்டு. அதுதான் கில்கமேஷ் காவியத்தின் பதினோராவது பலகை. பைபிளில் நோவா கதை படித்தவர்களுக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது.

பாபிலோன் கதைகளில் ஒன்றில் வெள்ளத்துக்குச் சொல்லும் காரணம் என்ன தெரியுமா? மனுஷர்கள் பெருகிப்போய்ச் சத்தம் ஜாஸ்தியாகிவிட்டது, என்லில் என்ற தெய்வத்துக்குத் தூக்கம் வரவில்லை. நம் அபார்ட்மெண்ட் அசோஸியேஷனில் வரும் புகார் மாதிரியே இருக்கிறது. ஆனால் கில்கமேஷ் பலகையில் ஒரு இடம் என்னை உட்காரவைத்துவிட்டது. வெள்ளத்தைப் பார்த்து தெய்வங்களே நடுங்குகிறார்கள். தாய்த் தெய்வம் பிரசவ வேதனையில் கத்துவது போலக் கதறுகிறாள், என் ஜனங்களாயிற்றே என்று. வெள்ளம் வடிந்த பிறகு ஏயா என்ற தெய்வம் என்லிலைச் சபையில் வைத்துக் கேட்கிறார்: தப்பு செய்தவனை அல்லவா தண்டிக்க வேண்டும், யோசனை இல்லாமல் எல்லார் மேலேயுமா வெள்ளத்தை விடுவது? என் தம்பி போனில் என்னைக் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். களிமண்ணில் எழுதி வைத்த கேள்வி.

நோவா கதையில் ஜனங்களின் துஷ்டத்தனத்தைப் பார்த்து ஆண்டவர் மனம் நொந்து வெள்ளத்தை வரவிடுகிறார். முடிந்த பிறகு, இனிமேல் இப்படிச் செய்வதில்லை என்று வானவில்லை அடையாளமாக வைத்து வாக்குக் கொடுக்கிறார். அதை நம்புகிறவர்களுக்கு அந்த வாக்குத்தான் முக்கியம். ஆகவே, அவாள் கதை மட்டம் நம் கதை உசத்தி என்று நான் பேசப்போவதில்லை. அந்தச் சபலம் எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. சதபதத்தைப் படித்த ஜோரில், "நம்மகிட்ட கோபக்கார சாமியே கிடையாது" என்று என் சம்சாரத்திடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "அப்போ இந்திரன் யாராம்?"

ஒரே கேள்வி, என் பெருமை போயிற்று. மணிமேகலையில் என்ன வருகிறது? சோழராஜா இந்திர விழாவை நடத்தாமல் விட்டதால் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது. இது சாட்சாத் தண்டனை வெள்ளம்தான். கோவர்த்தனகிரிக் கதையில் இந்திரன் தனக்குப் பூஜையை நிறுத்திவிட்டார்களே என்று கோகுலத்தின் மேல் ஏழு நாள் மழையைக் கொட்டுகிறான். ஆக, கோபத்தில் வெள்ளம் விடும் தேவதை நம்மிடமும் உண்டு. அவனுக்கு நாம் கோவில் கட்டிக் கும்பிடுவதில்லை என்பது வேறு விஷயம். கோகுலத்தில் அந்த மழைக்கு எதிரே ஏழு வயசுப் பிள்ளையாக நின்றவரைத்தான் பகவான் என்கிறோம். மாடு கன்றெல்லாம் மலைக்கு அடியில் வரட்டும் என்று கூப்பிட்டாரே, அவரை. மேகத்தில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், மலைக்கு அடியில் ஒருத்தர் நிற்கிறார். எது பகவான் என்பதில் பாகவதத்துக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் அன்றைக்குப் போனில் பேசியபோது மறந்துபோயிருந்தது.

நம் தமிழ் தேசத்துக் கோவில்களிலும் அப்படித்தான். சீர்காழிக்குப் போனவர்கள் நடு அடுக்கில் தோணியப்பரைப் பார்த்திருப்பீர்கள். பிரளய ஜலத்தில் அறுபத்துநாலு கலைகளையும் தோணியில் ஏற்றிக்கொண்டு சுவாமியே மிதந்து வந்து ஒதுங்கிய இடம் என்பது ஸ்தல புராணம். அதனால் ஊருக்கே தோணிபுரம் என்று ஒரு பெயர். கும்பகோணத்தில் ஸ்ருஷ்டி பீஜத்தை வைத்த குடம் வெள்ளத்தில் மிதந்து வந்து தங்கியது. இரண்டு ஸ்தலத்திலும் சன்னதி தோணிக்கும் குடத்துக்கும்தான்.

இன்னும் ஒரு கதையைச் சொல்ல வேண்டும். பிரளயக் கதை என்று யாரும் இதைச் சேர்ப்பதில்லை, நான் சேர்க்கிறேன். பிட்டுக்கு மண் சுமந்த கதை. வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து அவரவர் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சோமசுந்தரேச்வரர் கூலியாளாக வருகிறார். உதிர்ந்த பிட்டுதான் கூலி. சாப்பிட்டுவிட்டு ஆட்டம், பாட்டம், தூக்கம். ராஜா பிரம்பால் ஒரு அடி வைக்கிறான். அந்த அடி ராஜா முதுகிலும் ராணி முதுகிலும் கர்ப்பத்திலிருக்கும் சிசு முதுகிலும் விழுகிறது.

இந்தக் கதையில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வெள்ளத்தை அனுப்பியதும் அதே சுவாமிதான். மாணிக்கவாசகரை ராஜா சுடுமணலில் நிற்க வைத்ததற்காக வைகை பெருகியது. வந்திக்கிழவி என்ன தப்பு செய்தாள்? அவளுக்கு ஏன் பங்குக் கரை? திருவிளையாடல் அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்கிறது. யாருக்கு ஆள் இல்லையோ அவளுடைய பங்கில் சுவாமியைக் கூடையோடு நிறுத்துகிறது. வெள்ளமும் அவர்தான், மண் சுமப்பதும் அவர்தான், அடிபடுவதும் அவர்தான். அத்வைதம் என்று பெரிதாகப் பேசுகிறோமே, எனக்கு அது புரிந்தது பாஷ்யத்தில் இல்லை, இந்தப் பிரம்படியில்தான்.

பாஷ்யம் என்றதும் ஒன்று. பகவானுக்குப் பக்ஷபாதம் உண்டா, குரூரம் உண்டா என்ற கேள்வியை ப்ரஹ்ம ஸூத்திரமே எடுத்துக்கொள்கிறது, இரண்டாவது அத்தியாயம் முதல் பாதத்தில். ஒருவன் சுகப்படுகிறான், ஒருவன் கஷ்டப்படுகிறான், இப்படிப் படைத்த ஈச்வரன் கல் நெஞ்சனா என்று. ஆதிசங்கரர் அங்கே சொல்லும் உதாரணம் என்ன தெரியுமா? மழை! மழை எல்லாப் பயிருக்கும் பொது, நெல் நெல்லாகவும் யவை யவையாகவும் முளைப்பது விதையைப் பொறுத்தது, ஈச்வரன் மழையைப் போல என்கிறார். விதை என்பது அவரவர் கர்மா.

இதை நான் தம்பியிடம் சொல்லலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். சொல்லவில்லை. பகவத் சங்கல்பம் என்பதை எடுத்துவிட்டு அதே இடத்தில் சித்தியின் கர்மா என்று வைத்தால் வலி குறைந்துவிடுமா? ஆசார்யாள் அந்த வாதத்தைச் செய்தது ஈச்வரன் மேல் வரும் பழியைத் துடைக்க. செத்தவர் தலையில் பழி போட அல்ல. நம்மவர்களில் பலபேர், நான் உள்பட, துக்கம் விசாரிக்கப் போகிற இடத்தில் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. "பூர்வ ஜன்ம பாபம்" என்று செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறோம்.

இனி பெங்களூருக்கு வருகிறேன். இந்த ஊருக்கு வெள்ளம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டர், பெரிய ஆறு கிடையாது. ஆறு இல்லாததால்தான் பழைய நாளில் ஏரிகளைச் சங்கிலி மாதிரி கோத்து வைத்தார்கள். ஒரு ஏரி நிரம்பினால் கோடி வழியாக, ராஜகாலுவே என்ற பெரிய வாய்க்காலில் அடுத்த ஏரிக்கு. இங்கே மல்லேஸ்வரத்திலிருந்து பஸ் ஏறி நாம் இறங்குகிறோமே மெஜஸ்டிக், அது தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. நாங்கள் இருக்கும் பெள்ளந்தூர் பக்கத்துத் தண்ணீர் வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து தென்பெண்ணையில் சேர்ந்து, கிருஷ்ணகிரி, திருக்கோவலூர் வழியாகக் கடலூரில் கடலுக்குப் போகிறது. நம் வீட்டுச் சாக்கடை உலகளந்த பெருமாள் ஊரைத் தாண்டிப் போகிறது என்று தெரிந்த அன்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

2022 செப்டம்பர் 4ஆம் தேதி ஞாயிறு ராத்திரி இங்கே 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னைக் கணக்குக்கு இது பாதிகூட இல்லை, கால்தான். ஆனால் போக இடம் இல்லாத தண்ணீர் எங்கள் பேஸ்மெண்டுக்கு வந்தது. கோடி ரூபாய்க் கார்கள் முழுகிக் கிடந்த படத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஜனங்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு, மண்டியா ஜில்லாவில் காவேரித் தண்ணீரை ஏற்றி அனுப்பும் பம்ப் ஸ்டேஷனுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை.

மறுநாள் காலையிலேயே எங்கள் குரூப்பில் ஒருவர் செய்தி போட்டார். ஐ.டி. பணத்தில் ஆடியவர்களுக்குப் பகவான் கொடுத்த பாடம் என்று. நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

எங்கள் கட்டடத்தில் அன்றைக்கு எல்லாம் இழந்தது யார் என்றால், வாட்ச்மேன். ராய்ச்சூர்ப் பக்கத்துக்காரர். பேஸ்மெண்டில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு அறை, அதில் அவரும் மனைவியும் ஏழு வயசுப் பெண்ணும். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டார்கள். அரிசி, துணி, ரேஷன் கார்டு, குழந்தையின் பாடப் புத்தகம் எல்லாம் போயிற்று. கார்க்காரர்களுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. பாடம் புகட்டும் பகவான் என்றால், அவருக்கு விலாசம் சரியாகத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். குரூப்பில் இதை எழுதலாம் என்று டைப் அடித்தேன். அப்புறம் அழித்துவிட்டேன். 2015ல் நான் சொன்னதற்கும் அவர் எழுதினதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

செவ்வாய்க்கிழமை தம்பி போன் செய்தான். "எத்தனை அடி தண்ணி?" என்று கேட்டான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றான். பின் ஸீட்டை மடக்கி, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் பதினொன்று, இரண்டு எமர்ஜென்ஸி லைட், என் சம்சாரத்தின் பிரஷர் மாத்திரை ஒரு மாசத்துக்கு. கார் உள்ளே வர முடியாததால் மெயின் ரோட்டில் நிறுத்தி, கேன்களை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான். அவனுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. வாட்ச்மேன் கூட வந்து சுமந்தார். பதினொன்றில் நாலு கேன் எங்களுக்கு, மற்றதை வாட்ச்மேனுக்கும் மேல்மாடியில் தனியாக இருந்த ஒரு பெரியவருக்கும் மற்றவர்களுக்கும் அவனே பிரித்துக் கொடுத்தான். யாரையும் கேட்கவில்லை.

ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்த வாரம்தான் மதுரையில் ஆவணி மூலம், புட்டுத்தோப்பில் மண் சுமந்த திருவிழா. என் சம்சாரம் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, இருந்த அரிசி மாவில் பிட்டு பண்ணியிருந்தாள். சரியாக வரவில்லை, உதிர்ந்துபோயிருந்தது. "வந்திக் கிழவி கதைதான்" என்று அவள் சொன்னாள். அவன் சிரித்தான். ஏழு வருஷத்தில் நான் அவன் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சமயத்தில் நான் சொன்னேன். "அன்னிக்குப் போன்ல நான் சொன்னது தப்புடா. சாஸ்திரத்துலயும் அப்படி இல்லை. நாற்காலியைத் தூக்கினது நீயும் அந்த மாடி வீட்டுப் பையன்களும். அவர் எங்கே இருந்தார்னு கேட்டா, அந்த நாற்காலிப் பக்கம்தான் இருந்திருக்கணும்னு எனக்குத் தோணறது. இது எனக்குத் தோணறது, அவ்வளவுதான்."

அவன் கேட்டான்: "இருந்தும் அம்மா போயிட்டாளே?"

"ஆமாம்" என்றேன். "போயிட்டா."

அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. அவனும் கேட்கவில்லை. பிட்டைச் சாப்பிட்டு முடித்தோம்.

மறுநாள் விடிகாலையில் அவன் கிளம்பத் தயாரானான். என் சம்சாரம் பூஜையை முடித்திருந்தாள். அவன் கொண்டுவந்த கேன் தண்ணீரில்தான் அன்றைக்கு சாளக்ராமத்துக்கு அபிஷேகம். வேறு தண்ணீர் ஏது? அவன் வழக்கம்போல் பூஜை அறை நிலைப்படிக்கு வெளியே, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. உத்தரணியில் தீர்த்தத்தை எடுத்துக்கொண்டு நிலைப்படிவரை வந்து நீட்டினாள். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் சாவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினான்.